அம்மாவை உட்காரச் சொல்லாதீர்கள்

எங்கள் ஊரான கடையநல்லூரில் வயதானவர்களைப் பற்றி விசாரிப்பவர்கள் "சௌக்கியமா" என்று கேட்டு நிறுத்துவதில்லை. "நடமாட்டமா இருக்காகளா?" என்பார்கள். முதியோர் மருத்துவத்தின் பாதி இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பது, எங்கள் அம்மா விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நான் சென்னையில், தம்பி துபாயில். அப்பா போனபின் அம்மா ஊரில் தனியாக இருந்தாள். அப்பா குழித்தறியில் நெய்த காலத்தில் அம்மா தார் சுற்றுவாள், தண்ணீர் எடுப்பாள், ஆட்டுக்கல்லில் மாவாட்டுவாள். ஒரு நாளில் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்திருப்பாள் என்று எண்ணினால் நூறு வரும். தம்பி சம்பாதிக்கத் தொடங்கியதும் நாங்கள் செய்த முதல் காரியம் அவளை உட்காரவைத்ததுதான். துவைக்க மிஷின் வந்தது, மாவரைக்கக் கிரைண்டர் வந்தது, பெருக்கித் துடைக்க ஒரு அக்கா வந்தார், காய்கறி வாங்கப் பக்கத்து வீட்டுப் பையன் போனான். "இனிமே நீ சும்மா இரும்மா" என்றோம். அவளும் சும்மா இருந்தாள்.

இரண்டு வருடத்தில் கைவளையல் முழங்கை வரை ஏறியது. ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தார்கள். "அசதியா இருக்கு" என்று போனில் சொன்னபோதெல்லாம் "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் சொன்னோம். 74 வயதில், ஆடிச் சாரலில் பாசி பிடித்திருந்த பின்வாசலில் வழுக்கி விழுந்தாள். சேதி கேட்டு ஓடிவந்த நானும் சுளுக்கு என்றே நம்பி இரண்டு நாள் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

முதுமை வேறு, தள்ளாமை வேறு. தள்ளாமை என்ற நம் சொல்லுக்கு 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஃபிரீட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள். முயலாமலே உடம்பு இளைப்பது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, வேலை செய்வது குறைவது. இவற்றில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படி. அம்மாவிடம் நான்கு இருந்தன. மீதி ஒன்றான கைப்பிடியை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வாசற்படியில் நிற்பவரைத் திரும்ப உள்ளே அழைத்துவர முடியும் என்பதையும் அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் பதினெட்டுப் பேர் இருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு. பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சென்னையிலும் இருக்க, பெற்றோர் மட்டும் வீட்டைக் காக்கும் எங்கள் ஊரில் இந்தக் கணக்கை அறிய 2031 வரை காத்திருக்க வேண்டாம். சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் தெரியும்.

செய்யக்கூடாதவை

"நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லாதீர்கள்.

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் உடம்புக்கு அது பாசமாகப் போய்ச் சேர்வதில்லை. 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வயதுள்ள, எந்த நோயும் இல்லாத பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் அளந்தபோது கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. ஒரு காய்ச்சலுக்குப் படுத்து எழுந்த பெரியவர் "எந்திரிச்சதும் காலு பின்னுது" என்று சொல்வது இதைத்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1990-இல் பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. கம்பு ஊன்றி நடந்தவர்களில் இரண்டு பேர் கம்பைப் போட்டுவிட்டார்கள். 90 வயதுத் தசையும் கேட்டால் வளரும் என்று மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஆடி மாதம் சங்கரன்கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் கோயிலை ஆடிச்சுற்று சுற்றுகிறார்கள். நூறு சுற்றுக்கு மேல் வேண்டிக்கொண்டு, அதை நாள் கணக்கில் பிரித்துச் சுற்றி முடிக்கும் ஆச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் "முட்டு வலிக்கி" என்று எழுந்திருக்காதவர்கள் அவர்கள். நடப்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததும் கால் நடந்துவிட்டது.

ஆகவே வேலையைப் பிடுங்காதீர்கள். முருங்கைக்கீரை ஆய, செடிக்குத் தண்ணீர் ஊற்ற, கொடியில் துணி காயப்போட, கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கிவர விடுங்கள். அம்மாவுக்கு இந்த வேலைகளெல்லாம் இப்போது திரும்பக் கொடுத்துவிட்டோம்.

சாப்பாட்டைச் சுருக்காதீர்கள்.

"வயசானவங்களுக்கு ராத்திரி கஞ்சி போதும்" என்பது எங்கள் ஊரில் சட்டம் மாதிரி. அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். காலையில் டீயும் ரஸ்க்கும், ஒன்பதரைக்கு இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிக் குழம்பும் ரசமும் ஊற்றிய சோறு, இரவு கஞ்சியும் துவையலும். எல்லாம் சேர்த்துப் புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. வயதானவர்களின் உடம்பு புரதத்தைத் தசையாக மாற்றுவதில் மந்தமாகிவிடுவதால், அவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று முதியோர் உணவு வல்லுநர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். நாங்கள் பாதியைக் கொடுத்துவிட்டு, "என்ன கொடுத்தும் உடம்புல ஒட்ட மாட்டேங்கு" என்று குறைப்பட்டிருக்கிறோம்.

ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலோ தயிரிலோ 6, 7 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலிலோ பாசிப்பயறிலோ ஏறக்குறைய அதே அளவு. நல்ல ஒரு துண்டு மீனில் அதைப்போல் இரண்டு மடங்கு. பல் இல்லாதவருக்குக் கறியைக் கொத்தி, நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். பல்செட் கட்டிக் கொடுப்பது அதைவிட நல்லது. நோன்புக் கஞ்சியில் பருப்பும் கறியும் சேர்கிறதே, அதுபோல அன்றாடக் கஞ்சியிலும் ஒரு கை பாசிப்பருப்பும் ஒரு முட்டையும் சேர்ந்தால் போதும். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். மதியம் மட்டும் மொத்தமாகக் கொடுத்தால் பலன் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டே கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

செட் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மெடிக்கல் கடையில் "முட்டுவலிக்கு ரெண்டு செட்டு குடுங்க" என்று கேட்டால், நாலு கலர் மாத்திரையைச் சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருகிறார்கள். பெயரில்லை, அட்டையில்லை. அதில் ஒன்று வலி மாத்திரையாக இருக்கும். அது தொடர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். இன்னொன்று ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்புண்டு. சாப்பிட்ட அன்று துள்ளி எழலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பைக் கரைக்கும், தொடைத் தசையைத் தின்னும், சர்க்கரையை ஏற்றும். அந்தச் செட்டில் என்ன இருந்தது என்று பிறகு எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

விழுந்தவரை உருவிவிடாதீர்கள்.

விழுந்த பெரியவர் காலை ஊன்ற முடியாமல் இருந்தால், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அது இடுப்பெலும்பு முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், கட்டு, ஒத்தடம் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவை சிகிச்சையை இரண்டு நாளுக்குள் செய்து, மறுநாளே எழுப்பி நிற்கவைப்பதுதான் உலகம் முழுக்க இன்று மருத்துவர்கள் பின்பற்றும் வழி. "இந்த வயசுல ஆபரேஷனா?" என்று பயந்து படுக்கையில் போட்டுவிட்டால் நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், ரத்தம் உறையும். முறிவைவிட அந்தப் படுக்கைதான் ஆளைக் கொண்டுபோகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையும் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. விழுந்த பிறகு அலையாமல் முன்னமே வாங்கி வைத்துவிடுங்கள்.

திடீரென்று உளறினால் "புத்தி மாறிப்போச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார், இல்லாதவரோடு பேசுகிறார் என்றால் அது மறதி நோய் அல்ல. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். ஒரே நாளில் வரும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றோ, நிமோனியாவோ, ரத்தத்தில் உப்பு குறைந்ததோ, சர்க்கரை இறங்கியதோ, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரையோ காரணமாக இருக்கும். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே உப்பையும் ஒரேயடியாக நிறுத்திவிட்ட பெரியவர்களுக்கு இது அதிகம் வரும். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. மந்திரிக்க அழைத்துப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கேட்காமல் நோன்பு வைக்கவிடாதீர்கள்.

ரமலானோ, சஷ்டியோ, ஆடிச் செவ்வாயோ, எதுவானாலும் சரி. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். மயங்கி விழுந்து எலும்பு முறிவதும் உண்டு. ரமலானில் முடியாதவர்களுக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நம் பெரியவர்கள்தான் அந்தச் சலுகையை ஏற்க வெட்கப்படுகிறார்கள். அவர்களிடம் மருத்துவர் ஒரு தடவையும் ஆலிம் ஒரு தடவையும் சொன்னால் கேட்பார்கள். பிள்ளைகள் பத்துத் தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். நோன்பு வைப்பவர்கள், மாலையில் நோன்பு திறந்ததிலிருந்து விடியுமுன் சஹர் சாப்பாடு வரை தண்ணீரை நிறையக் குடிக்க வேண்டும்.

மருத்துவர் முன்னால் பெரியவருக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். "அவகளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்" என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

நிபந்தனை எழுதாமல் வீட்டை எழுதிக் கொடுக்கவும் விடாதீர்கள். இது நலத்தோடு சேர்ந்த விஷயம்தான். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு தானசெட்டில்மெண்ட் எழுதி, பிறகு பராமரிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம். மனு கொடுக்க வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தால் பின்னால் வாதாட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

கெண்டைக்காலைப் பிடித்துப் பாருங்கள்.

ஜப்பானில் ஊர் ஊராகக் கற்றுக்கொடுக்கும் சோதனை இது. இரண்டு கைப் பெருவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து ஒரு வளையமாக்குங்கள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கைகளாலேயே கெண்டைக்காலின் பருத்த இடத்தை அந்த வளையத்தால் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் எட்டாவிட்டால் நல்லது. சரியாகப் பொருந்தினால் கவனம் வேண்டும். வளையத்துக்குள் கால் நுழைந்து இடைவெளியும் தெரிந்தால் தசை கரைந்துகொண்டிருக்கிறது. டேப் இருந்தால் அளந்தே பார்க்கலாம். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33-க்கும் கீழே போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது ஆசிய நாட்டு வல்லுநர்கள் 2019-இல் வகுத்த அளவு. கால் வீங்கியிருப்பவர்களுக்கு இது சரியாகக் காட்டாது. ஜப்பான் 2020-இலிருந்து 75 வயது தாண்டியவர்களின் வருடாந்திரப் பரிசோதனையில் தள்ளாமைக்கென்று தனிக் கேள்வித்தாளே சேர்த்துவிட்டது. நம் வீட்டில் நாமே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்துகொள்ளலாம். காசு இல்லை, கருவி இல்லை.

உட்கார்ந்து எழப் பழக்குங்கள்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் நடந்தது இது ஒன்றுதான். கைவைத்த மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். பிளாஸ்டிக் நாற்காலி நகரும், வேண்டாம். முதல் வாரம் கைப்பிடியை அழுத்தி மூன்று முறை எழுந்தாள். ஒவ்வொரு முறையும் "யம்மா" என்றாள். எழும்போது மூச்சை அடக்கக்கூடாது, மூக்கு முட்டுக்கு நேராக வருமளவு முன்னால் குனிந்து எழவேண்டும், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காரவேண்டும் என்று பிசியோதெரபி தங்கச்சி சொல்லித் தந்தார். அந்த மெதுவாக உட்காருவதில்தான் தொடை வலுப்பெறுகிறது. ஒரு மாதத்தில் ஐந்து முறை, காலையும் மாலையும். மூன்றாவது மாதத்தில் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்தாள். நான் போனில் விநாடி எண்ணுவேன். ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைவு என்பது கணக்கு. அம்மா 26-இல் தொடங்கினாள். இப்போது 77 வயதில் 14-இல் நிற்கிறாள். "நாளைக்கு பதிமூணு பாரு" என்கிறாள்.

தொழுகையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நிற்பதும் குனிவதும் தரையில் நெற்றி வைத்து எழுவதுமாக, நாளில் ஐந்து வேளை தொழுகிறவர் தன்னை அறியாமலே இந்தப் பயிற்சியைச் செய்துவிடுகிறார். பள்ளிவாசல்களில் நாற்காலி வரிசை நீண்டுகொண்டே வருகிறது. முட்டு தேய்ந்தவர்களுக்கு அது வேண்டும். ஆனால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தால் மட்டும் நாற்காலிக்கு வந்தவர்கள், நிற்க முடிகிறவரை நின்று, தரைக்குப் போக முடியாத கட்டத்தில் மட்டும் உட்காரலாமா என்று மருத்துவரையும் இமாமையும் கேட்டுப் பார்க்கலாம். ஒருமுறை தரையை விட்ட கால் திரும்பத் தரைக்கு வருவது கடினம்.

மஞ்சப்பையில் எல்லா மாத்திரையையும் அள்ளிக்கொண்டு போங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. சர்க்கரை டாக்டர், இதய டாக்டர், எலும்பு டாக்டர் மூவரும் எழுதியது, கடையில் வாங்கியது, மகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த வைட்டமின் டப்பா, சித்த மருந்து, லேகியம் எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும். ஒரு மருத்துவர் முன்னால் மேசையில் கொட்டி, "இதுல எதை நிறுத்தலாம் டாக்டர்?" என்று கேளுங்கள். ஐந்துக்கு மேல் மருந்து சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றலும் விழுவதும் கூடுதல். தூக்க மாத்திரை இருந்தால் அதைக் குறிப்பாகக் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று எதையும் நிறுத்திவிடாதீர்கள். அப்படியே, படுக்கவைத்து ஒரு தடவையும் நிற்கவைத்து ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்ததும் அழுத்தம் சரிகிறவர்கள்தான் இரவில் பாத்ரூம் போகும்போது விழுகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து ஒரு நிமிடம் காலை ஆட்டிவிட்டு எழச் சொல்ல வேண்டும்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 2012-இல் பத்மஸ்ரீ பெற்றவர். நாட்டுக்கே முன்மாதிரி நம்மிடமிருந்து போனது. கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது. ஆனால் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து கிண்டிக்குப் போக முடியாது. நம் ஊர் மருத்துவரிடம் நாம்தான் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

கண்ணையும் காதையும் பாருங்கள்.

புரை விழுந்த கண்ணோடு படி தெரியாமல் கால் வைப்பவர்கள் அநேகம். திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இலிருந்து இருக்கிறது. முகாம்களில் இலவசமாகவே அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போகிறார்கள். காது கேட்காதவர் மெல்லப் பேச்சை விடுவார், பிறகு திண்ணையை விடுவார், பிறகு வீட்டுக்குள் ஒடுங்குவார். கேட்காத காதையும் தெரியாத கண்ணையும் கவனிக்காமல் விட்டால் மறதி நோய் வரும் வாய்ப்புக் கூடும் என்று 2024-இல் லான்செட் ஆய்வுக்குழு சொல்லியிருக்கிறது. காது மெஷின் வைப்பது கண்ணாடி போடுவது மாதிரிதான்.

பீடி சுற்றிய கைகளைத் தனியாகக் கவனியுங்கள்.

எங்கள் பக்கத்தில் நெசவு போன பிறகு வீட்டுக்கு வீடு சோறு போட்டது பீடிதான். மடியில் சுளகை வைத்து, காலை மடக்கி, முதுகைக் கூனி, பத்து வயதிலிருந்து அறுபது வயது வரை நிழலிலேயே உட்கார்ந்திருந்த பெண்கள் இன்று பாட்டிகள். வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி குறைவு. வாழ்நாள் முழுக்க உட்கார்ந்ததால் தொடையில் வலு இல்லை. புகையிலைத் தூசியில் மூச்சும் கெட்டிருக்கும். மற்றவர்கள் எழுபதில் காட்டும் தள்ளாமையை இவர்கள் அறுபதுக்கு முன்பே காட்டுகிறார்கள் என்பது என் கண்ணால் பார்த்தது. எலும்பின் அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் ஒருதரம் சோதிக்க வேண்டும். தினமும் அரைமணி நேரம் வெயில் வேண்டும். கேழ்வரகுக் கூழ் நல்லது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. சளியும் இருமலும் ஓயாமல் இருந்தால் நுரையீரலைக் காட்ட வேண்டும்.

இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் மட்டுமல்ல, பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. பலர் மாத்திரையை வாங்கிக்கொண்டு இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். மாதாமாதம் முதியோர் உதவித்தொகையும் உண்டு. வயதானவர்களின் வீட்டுக்கு ரேஷன் பொருளைக் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கொடுமைக்கு ஆளானவர்களும் துணையற்றவர்களும் 14567-ஐக் கூப்பிடலாம்.

போனில் வேறு கேள்வி கேளுங்கள்.

வீடியோவில் வந்ததும் "சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்போம், "ம்" என்பாள், முடிந்தது. பணம் அனுப்பிவிட்டோம், முகம் பார்த்துவிட்டோம் என்று நிம்மதியாகிவிடுவோம். முகம் மட்டும் தெரியும் திரையில் கால் தெரிவதில்லை. இப்போது தம்பி துபாயிலிருந்து கூப்பிட்டால், "போனைச் சாச்சு வச்சிட்டு அடுப்படி வரைக்கும் நடந்து வாம்மா" என்கிறான். மூன்று நிமிடத்தில் நடை எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்று யாரோடு பேசினாய், எந்தக் கடைக்குப் போனாய், மதியம் என்ன குழம்பு, அதில் மீன் எத்தனை துண்டு என்று கேட்கிறான். அவளுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

வீட்டை இடித்துக் கட்டும்போது வயதான காலை நினைத்துக் கட்டுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடுகளில் பளபளக்கும் டைல்ஸ் போடுகிறோம். ஈரம் பட்டால் அதில் பிள்ளைகளே வழுக்குகிறார்கள். பாத்ரூமுக்குச் சொரசொரப்பான டைல்ஸ், கழிப்பறைச் சுவரில் பிடிக்க ஒரு கம்பி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவில் எரியும் சின்ன விளக்கு, இவ்வளவுக்கும் வீட்டுச் செலவில் ஒரு மூலைகூட ஆகாது. ஜூனில் சாரல் தொடங்குவதற்கு முன் பின்வாசல் பாசியைத் தேய்த்துக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். உலகத்தில் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் பெரும்பங்கு அறுபதைத் தாண்டியவர்கள்.

திண்ணையையும் விட்டுவையுங்கள். அம்மா இப்போது தினமும் தெருமுனைக் கடை வரை போய்வருகிறாள். போக இருநூறு அடி, வர இருநூறு அடி. ஒரே மூச்சில் முடியாது. முதலில் தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்காருவாள். அடுத்து இன்னொரு திண்ணை இருந்தது. அதைப் போன மாசி மாதம் உடைத்து, கார் ஏறச் சரிவாக சிமெண்ட் பூசிவிட்டார்கள். பத்து நாள் அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. கடைக்காரரிடம் நான் போய்ச் சொன்னேன். மறுநாள் காலையில் கடைக்குள்ளிருந்த மர ஸ்டூலை எடுத்து, வழியில் வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார். ராத்திரி கடை அடைக்கும்போது அவரே உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார். இப்போது அதில் அம்மாவோடு இன்னும் மூன்று ஆச்சிகள் முறை வைத்து உட்காருகிறார்கள்.